பத்து இலட்சத்து ஒன்பது

ஏழாலை,
27.08.2025

என் அன்பு மகள் தர்சினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. சந்நிதி முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவையும் சேர்த்துத்தான் சுகம் என்று எழுதுகிறேன், அது சும்மா வழக்கத்துக்கு எழுதியது அல்ல. நீயும் மருமகன் மயூரதனும் பிள்ளைகளும் அங்கே தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும் போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்க இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்லுமுன் நீ ஐந்து கேள்வி கேட்பாய், ஆறாவது கேள்வியில் நான் அழத் தொடங்குவேன், அப்பா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த விஷயத்தை முதலில் இருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும். தியாகராசா அண்ணையின் மகள் நாளைக்கு ஒஸ்லோவுக்குத் திரும்புகிறாள், மிளகாய்த்தூளோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். தூளை வெயிலில் வைக்காதே, உங்கள் ஊரில் வெயில் இருந்தால்.

விஷயம் இதுதான் பிள்ளை. ஒக்டோபர் முதலாம் திகதி அப்பாவை யாழ்ப்பாணத்து முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கு நீ செய்திருக்கும் ஏற்பாட்டை நிறுத்த வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, முழுவதும் வாசி. நீ அதை என்ரை முழங்காலை நினைத்துத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். மாசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போன பிறகு, அவரைத் தூக்கி இருத்திப் படுக்கவைத்து நான் பட்ட பாட்டைக் கமராவில் நீ பார்த்தாய். நானும் சம்மதித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. பெரிய டொக்டரும் அவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். இல்லத்தைப் பார்க்கிற மரியரட்ணம் ஐயா நல்ல மனிதர், வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எங்களோடை வந்து இருக்கிறியளோ?" என்று தன்மையாகத்தான் கேட்டார். அப்பா "ஓம்" என்றார். நீ வீடியோவில் கேட்டாய், அதற்கும் "ஓம்" என்றார். நாங்கள் எல்லோரும் அந்த ஓமைப் பிடித்துக்கொண்டு அவரே சம்மதித்துவிட்டார் என்று ஆறுதல் பட்டோம். ஆனால் பிள்ளை, அவர் வாயில் மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அதுதான். சாப்பிட்டியளோ என்றாலும் ஓம், சாப்பிடேல்லையோ என்றாலும் ஓம். நான் செத்துப்போனேனோ என்று ஒருநாள் ஆத்திரத்தில் கேட்டேன், அதற்கும் ஓம். இதை நான் பங்குனியிலேயே கண்டுகொண்டேன். அப்படி இருந்தும் மரியரட்ணம் ஐயாவிடம் சொன்ன ஓம் மட்டும் உண்மையான ஓம் என்று நம்பினேன், ஏனென்றால் எனக்குக் களைப்பாக இருந்தது. அதை உன்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். எந்த எண் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எல்லாவற்றையும் எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போய் அந்தப் பள்ளிக்கூட விறாந்தையில் ஆறு மாதம் கிடந்தோமே, உனக்கு அப்போது எட்டு வயது. நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்த மனிதர், அளக்க ஒரு துண்டு நிலம் இல்லாமல், செய்ய ஒரு வேலை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவரோடு வேலை செய்த தியாகராசா அண்ணையும் அதே விறாந்தையில்தான். இரண்டு பேரும் ஒரு பந்தயம் பிடித்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேலே ஆளுக்கு ஓர் எண்ணை எடுத்து, அது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண் என்று கையாலேயே கணக்குப் பார்த்துக் காட்ட வேண்டும். அவர் பத்து இலட்சத்து மூன்றை எடுத்தார், அப்பா பத்து இலட்சத்து ஒன்பதை எடுத்தார். ஆயிரத்துக்கு உட்பட்ட முதன்மை எண்கள் நூற்றறுபத்தெட்டு இருக்கின்றனவாம், அந்த நூற்றறுபத்தெட்டாலும் வகுத்துப் பார்த்து ஒன்றும் சரிவராவிட்டால் வென்றாயிற்று. அதற்கு மேலே போகத் தேவையில்லையாம், பெரிய காரணி ஒன்று இருந்தால் அதன் சோடி ஆயிரத்துக்குக் கீழே அகப்பட்டிருக்குமாம். எனக்கு ஓ எல் சோதனையில் கணக்குக்கு வெறும் சித்தி, மயிரிழையில் பாஸ், ஆனாலும் இதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டது. அப்பா தன்னுடைய அளவைக் கொப்பியில் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கடைசிப் பக்கத்தில் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். அன்றைக்குத்தான் அந்த விறாந்தையில் அவர் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார். அதன் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும், கலியாண வீட்டிலும், ஏன் ஒரு செத்த வீட்டிலும்கூட, பத்து இலட்சத்து ஒன்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை. நான் மானம் போகிறதே என்று அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

நீ ஓ எல் எழுதிவிட்டு யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனாயே, ஒருநாள் பஸ்ஸால் இறங்கி நேரே குசினிக்கு ஓடிவந்தாய். உன்ரை முகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. "அம்மா, அப்பான்ரை எண் முதன்மை இல்லை, இருநூற்றுத் தொண்ணூற்று மூண்டாலை வகுபடுது, கொம்பியூட்டர் ஒரு செக்கனிலை சொல்லிப்போட்டுது" என்றாய். அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்று திரும்பின உன்னைக் கையைப் பிடித்து நிறுத்தினது நான். அந்த மனுசன் விறாந்தையிலை இருந்து கொண்டுவந்த ஒரே சொத்து அது, அதை உடைக்காதை என்று சொன்னேன். அவரால் தாங்க முடியாது என்று நானே தீர்ப்பு எழுதினேன். நீ பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இருபத்தொரு வருஷம் நாங்கள் இருவரும், அவர் அந்தக் கதையைத் தொடங்கும் போதெல்லாம், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தோம். அது நல்லது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன்.

ஆனி மாதத்தில் இருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பிள்ளை வருகிறாள் என்று சொன்னேன் அல்லவா, லவீனா என்று பெயர், குருநகர்ப் பிள்ளை. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் அயல் முழுக்கத் தெரியும், அவ்வளவு பெரிய குரல். அவள் இரண்டு அட்டை செய்துகொண்டு வந்தாள், ஒன்றில் பச்சையில் சரி அடையாளம், மற்றதில் சிவப்பில் பிழை அடையாளம். கோப்பையைக் காட்டி இது செருப்போ என்று கேட்டால் அப்பா பச்சையைத் தொடுவார், ஓம் என்பார். நான்கு கிழமையாக இதே கதை. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஒருநாள் அவள் கொப்பியில் ஏழை எட்டால் பெருக்கினால் ஐம்பத்துநாலு என்று பிழையாக எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அப்பா அதைப் பார்த்தார். சிவப்பு அட்டையை எடுத்து அதன் மேல் டக்கென்று வைத்தார், அவளை ஒரு பார்வையும் பார்த்தார், திணைக்களத்தில் கீழே வேலை செய்த பெடியளைப் பார்க்கிற அதே பார்வை. லவீனா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "அம்மா, ஐயாக்குச் சொல்லுத்தான் வழி தெரியாமல் நிக்குது, ஆள் உள்ளுக்கை அப்பிடியே இருக்கிறார்" என்றாள். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் பாதி, இவ்வளவு நாளும் அவருக்கு முன்னால் இருந்து என்னவெல்லாம் கதைத்தோம் என்ற வெட்கத்தில் பாதி.

இடக்கையால் எழுதப் பழக்குவதற்கு அவருக்குப் பிடித்த ஏதாவது வேண்டும் என்று லவீனா கேட்டாள். நான் யோசிக்காமல் அந்த அளவைக் கொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டேன், கொடுத்த பிறகுதான் எனக்கு அந்த இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று ஞாபகம் வந்தது. அப்பா கொப்பியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு புதுத் தாளில் எண்ணை எழுதினார், ஒன்று, ஐந்து பூச்சியம், ஒன்பது. எழுதி முடிக்கக் கால் மணித்தியாலம். பிறகு இரண்டில் இருந்து தொடங்கினார். பழையதைப் பார்த்து எழுதுகிறாராக்கும் என்று நான் நினைத்தேன், இல்லை, எல்லாவற்றையும் புதிதாக, நீள வகுத்தலாக. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, ஒரு நாளைக்கு இரண்டுதான் அந்தக் கைக்கு முடியும். நான் மறிக்கலாமா என்று எத்தனை தரம் யோசித்தேன் தெரியுமா. பூட்டி வைக்கலாமா, கறையான் அரித்துவிட்டது என்று சொல்லலாமா என்றெல்லாம் போனது புத்தி. ஆனால் நாளுக்கு நாள் எழுத்து நேராகிக்கொண்டு வந்தது, முதுகு நிமிர்ந்தது, பசிக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். இதை எப்படி மறிப்பது. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வரிசையில் அறுபத்திரண்டாவது என்று எண்ணிப் பார்த்து, நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்துவைத்து, முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். போன வெள்ளிக்கிழமை அந்த நாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு அவருக்குப் பின்னாலேயே நின்றேன். முதலில் மூன்று தரம், அதாவது எண்ணூற்றெழுபத்தொன்பதைக் கழித்தார். பிறகு நாலு. பிறகு ஒன்று. மீந்த எண்பத்தேழுக்குப் பக்கத்தில் கடைசி ஒன்பதை இறக்கினார், மறுபடியும் அதே எண்ணூற்றெழுபத்தொன்பது வந்து நின்றது. அப்பா பென்சிலை வைத்துவிட்டார். கன நேரம் அதையே பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோவைக் கூப்பிட வேண்டுமோ என்றுகூட நினைத்தேன். பிறகு பென்சிலை எடுத்து மூன்று எழுதி, கழித்து, அடியில் ஒரு பெரிய பூச்சியம் போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஓம்!" என்றார். "ஓம்! ஓம்!" என்று மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார், தர்சினி. மாசிக்குப் பிறகு முதல் சிரிப்பு. ஒரு பக்கம் கோணிய வாயால் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். தாங்க மாட்டார் என்று நான் இருபத்தொரு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த விஷயத்துக்கு அந்த மனுசன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கிறார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவா, அடிக்கவா என்று தெரியவில்லை.

மறுநாள் தியாகராசா அண்ணை வந்தார். அப்பா தாளை அவர் முன்னால் தள்ளி, அந்தப் பிழை எப்படி வந்தது என்று பழைய கொப்பியில் விரலை வைத்துக் காட்டினார். அண்ணைதான் எனக்கு விளங்கப்படுத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட எண்களுக்கு அப்பா அன்று மடக்கை அட்டவணைப் புத்தகத்தைப் பாவித்தாராம், வகுக்காமல் கழித்தே விடை எடுக்கிற அளவைக்காரரின் குறுக்கு வழி. அந்தப் புத்தகத்தை மழைக்குள் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனதில், சின்னச் சின்னத் திருத்தங்கள் இருக்கும் வலப்பக்க ஓரம் ஊறிப் பிய்ந்து போயிருந்தது. அதனால் 3413 என்று வரவேண்டிய விடை ஒன்று குறைந்து 3412 என்று வந்திருக்கிறது. 293 இன் கடைசி மூன்றையும் 3412 இன் கடைசி இரண்டையும் பெருக்கினால் ஆறு, எங்களுக்கு வேண்டிய கடைசி இலக்கம் ஒன்பது, சரிவராது என்று ஒரே கோட்டில் வெட்டிவிட்டார். ஒரு ஓரம் பிய்ந்த பிழை, அவ்வளவுதான். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை, தன்னுடைய பத்து இலட்சத்து மூன்று மெய்யான முதன்மை எண், முப்பது வருஷத்துக்கு முன்னமே வென்றவன் நான்தான் என்று படலை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். அப்பா அவருடைய முதுகுக்குச் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. எழுத்தை வாசிக்கிறார் இல்லை, சொல்லுக்கு ஓம் என்கிறார், ஆனால் எண்ணில் பொய் சொல்லத் தெரியாத மனிதர். திங்கட்கிழமை காலை ஒரு தாளில் இடப்பக்கம் 1 என்றும் வலப்பக்கம் 2 என்றும் எழுதினேன். இஞ்சருங்கோ, இது யாழ்ப்பாணத்து இல்லம், அங்கை நீங்கள் மட்டும், ஒராள், இது எங்கடை வீடு, இஞ்சை நீங்களும் நானும், இரண்டு பேர், எது வேணும் என்று கேட்டேன். வாய் "ஓம்" என்றது. கை சிவப்பு அட்டையை எடுத்து ஒன்றின் மேல் வைத்தது. பச்சையை எடுத்து இரண்டின் மேல் வைத்தது. எனக்கு நம்பிக்கை இல்லை, தாளை மாற்றி எழுதி இடம் வலமாக வைத்துக் கேட்டேன். அதே பதில். மூன்றாம் தரமும் கேட்டேன், அட்டையைத் தூக்கி என் மேல் எறிந்தார். மகளே, அது உன்ரை அப்பாவின் கோபம், நாற்பது வருஷமாக நான் வாங்கிக் கட்டிய அதே கோபம், அதை மறுபடி கண்டதில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது.

அன்று உன்னைக் குசினியில் மறித்தபோதும், இப்போது இல்லத்துக்கு ஓம் சொன்னபோதும் நான் செய்தது ஒரே பிழைதான். அவரைக் கேட்காமல் அவருக்காக முடிவெடுத்தேன். ஆகவே மரியரட்ணம் ஐயாவுக்கு நீயே போன் எடுத்து, மரியாதையாக, நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லு. என்ரை முழங்காலை நினைத்துப் பயப்படாதே. கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பி பூட்டத் தச்சரைக் கேட்டிருக்கிறேன், காலையில் குளிக்க வார்க்க அடுத்த வளவு அருந்ததியின் புருஷன் வருகிறான், இப்போது அப்பா தன் பங்குக்குக் காலை ஊன்றுகிறார், மூட்டை மாதிரிக் கிடப்பதில்லை. முடியாத நாள் வந்தால் மூன்று பேருமாக இருந்து அவரையும் கேட்டு யோசிப்போம். அதோடு அவருக்கு இப்போது போக நேரமும் இல்லை. பத்து இலட்சத்து முப்பத்து மூன்றைத் தொடங்கிவிட்டார். இன்று பதின்மூன்றால் வகுத்து மீதி எட்டு என்று வைத்திருக்கிறார், நூற்றறுபத்தெட்டும் முடியக் கார்த்திகை பிறந்துவிடும். அது முதன்மையோ இல்லையோ எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை.

மருமகனிடம் இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல்லு. பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் கதை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, என்னைப் போல நின்றபடி விழுங்காதே. உங்கள் எல்லோரையும் முருகன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பான், அப்பாவும் நானும் மனம் நிறைந்து ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மட்டும் மறவாதே. ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது அப்பா எப்படி என்று என்னைக் கேட்காதே, போனை அவர் முன்னால் வைத்துவிட்டு நான் குசினிக்குப் போய்விடுவேன். பதினேழு வயதில் நீ சொல்ல வந்ததை, நான் மறித்ததை, அவரிடம் நீயே சொல்லு. முதலில் ஓம் என்பார். அதோடு போனை வைத்துவிடாதே பிள்ளை, அவர் இடக்கையால் எழுதி முடிக்கும்வரை பொறுத்திரு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
பூரணம் சீவரத்தினம்